பச்சைப் பலகை எப்படிப் பிறக்கிறது?

வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பழைய பாட்டரி ரேடியோவோ, கம்ப்யூட்டர் மவுஸோ இருக்கிறதா? பாட்டரியைக் கழற்றிவிட்டு அதன் மூடியைத் திறந்து பாருங்கள். (சுவரில் சொருகும் டி.வி., சார்ஜர் போன்றவற்றைத் திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றின் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.) உள்ளே பச்சை நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ ஒரு பலகை தென்படும். அதன் ஒரு பக்கத்தில் சின்னஞ்சிறு பாகங்கள் நெருக்கமாக நிற்கும். மறு பக்கத்தில் வளைந்தும் நெளிந்தும் பல கோடுகள் ஓடும். பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒயர்கள் எங்கே? அந்தக் கோடுகளே ஒயர்கள்! பலகையின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புப் பட்டைகள் அவை. இதற்கு அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்று பெயர். கடைக்காரரும் தொழிலாளியும் சுருக்கமாக பி.சி.பி. என்பார்கள்.

இந்தப் பலகையைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. மிக எளிய பலகை ஒன்றை உங்கள் பள்ளி ஆய்வகத்து மேசையில், ஒரு பேனா, ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு புட்டி இரசாயனம் ஆகியவற்றைக் கொண்டு ஒரே பிற்பகலில் செய்துவிடலாம். ஆனால் உங்கள் தந்தையின் கைபேசிக்குள் இருக்கும் பலகையைச் செய்யக்கூடிய தொழிற்சாலைகள் உலகில் சில நாடுகளில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே செம்பு, ஒரே அரிப்பு முறை. பின் எங்கே இந்த இடைவெளி விழுகிறது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அச்சகத்திலிருந்து வந்த யோசனை

பழைய வால்வு ரேடியோக்களில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி ஒயர் உண்டு. தொழிலாளி ஒருவர் ஒயரை அளந்து வெட்டி, நுனியைச் சீவி, பாகத்தின் காலில் சுற்றி, சால்டர் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு ரேடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தவறினாலும் ரேடியோ பேசாது.

வியன்னா நகரில் 1907-இல் பிறந்த பால் எய்ஸ்லர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு மாற்று கண்டார். இவர் யூதர். நாஜிகளின் கை ஓங்கிக்கொண்டிருந்த 1936-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். இவருக்கு அச்சுத் தொழிலோடு பழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகையில் படம் அச்சிட வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். படத்தின் கோடுகள் இருக்கும் இடத்தை அமிலம் தீண்டாத பூச்சினால் மூடிவிட்டு, தகட்டை அமிலத்தில் இடுவார்கள். மூடாத இடம் அரித்துப் பள்ளமாகும். மூடிய இடம் மேடாக நிற்கும். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய படங்களும் பெரும்பாலும் இப்படி வந்தவைதாம். இதே வேலையை ஒரு காப்புப் பலகையின்மேல் ஒட்டிய செம்புத் தாளில் செய்தால் என்ன? அரிப்பைப் பலகை வரை விட்டுவிட்டால், எஞ்சி நிற்கும் செம்புக் கோடுகளே மின்சாரம் செல்லும் பாதைகளாகிவிடும் அல்லவா?

எய்ஸ்லர் இம்முறையில் ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். ஆனால் உடனே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒயர் இணைக்கும் வேலைக்குக் குறைந்த கூலியில் பெண்கள் கிடைக்கும்போது இந்தப் புது முறை எதற்கு என்று ஒரு நிறுவனம் கைவிரித்துவிட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். 1943-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே போர்க்காலத்தில் அமெரிக்கர்கள், விமானத்தின் அருகில் சென்றதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டின் முனைக்குள் வைக்க, பீங்கான் வில்லைகளின்மேல் வெள்ளி மையால் அச்சிட்ட சுற்றுகளைப் பயன்படுத்தினார்கள். பீரங்கியிலிருந்து பாயும் அதிர்ச்சியைத் தொங்கும் ஒயர்கள் தாங்குமா? போர் முடிந்த பின்னர் 1950-களில் அச்சிட்ட சுற்று வீட்டு ரேடியோக்களுக்குள்ளும் நுழைந்தது.

செம்பைச் சேர்ப்பதற்குப் பதில், முதலில் முழுவதும் செம்பாக வைத்துக்கொண்டு, வேண்டாததை நீக்குவது என்பதே இம்முறையின் கருத்து. கல்லில் வேண்டாததைச் செதுக்கி எறிந்து சிலையைக் காணும் சிற்பியின் வேலையைப் போன்றது இது.

எத்தனை மெல்லிய செம்பு!

கடையில் விற்கும் செம்பு ஒட்டிய பலகையின் தடிமன் பொதுவாக 1.6 மி.மீ. பழுப்பு நிறப் பலகை, காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. சற்று விலை கூடிய, வெளிறிய பச்சை மஞ்சளாகத் தெரிவது, கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்துச் செய்தது. இதை எஃப்.ஆர்-4 என்பார்கள். இவற்றின்மேல் இருக்கும் செம்புத் தாளின் தடிமனோ வெறும் 35 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, உங்கள் தலைமுடியை விட மெல்லியது!

இவ்வளவு மெல்லிய செம்பில் மின்சாரம் தடையின்றிப் போகுமா? ஓம் விதியைப் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும். ஒரு கடத்தியின் மின்தடை, அதன் தடை எண்ணை நீளத்தால் பெருக்கிக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும். இப்போது செம்புத் தாளில் ஒரு சதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மின்சாரம் செல்கிறது. சதுரமாதலால் நீளமும் அகலமும் சமம். கணக்கில் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது தடை எண்ணும் தடிமனும் மட்டுமே. செம்பின் தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம்-மீட்டர். இதை 35 மைக்ரானால் வகுத்தால் ஏறக்குறைய 0.0005 ஓம் வருகிறது.

ஆகவே சதுரம் கடுகளவு இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தல் அளவு இருந்தாலும் சரி, அதன் மின்தடை அதே 0.0005 ஓம்தான்! முதலில் கேட்கும்போது யாரும் நம்புவதில்லை; காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இதன் பயன் என்ன தெரியுமா? அரை மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கோட்டில் 200 சதுரங்கள் அடுக்கியிருப்பதாகக் கொள்ளலாம். 200-ஐ 0.0005 ஆல் பெருக்கினால் 0.1 ஓம். ஓர் எல்.இ.டி. விளக்குக்கு வேண்டிய 10 மில்லி ஆம்பியர் இதில் சென்றால் வீணாவது ஆயிரத்தில் ஒரு வோல்ட் மட்டுமே. கவலையில்லை. ஆனால் 2 ஆம்பியர் செல்ல வேண்டிய மோட்டாருக்கு இதே கோட்டைப் போட்டால் 0.4 வாட் வெப்பம் அந்த ஒல்லிக் கோட்டில் வெளிப்படும். அங்கே கோட்டை அகலப்படுத்த வேண்டும். பழைய பலகையில் சில கோடுகள் மட்டும் ஆற்றைப் போல் அகன்றிருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேசையின்மேல் ஒரு தொழிற்சாலை

இனிச் செய்முறைக்கு வருவோம். இதை ஆசிரியர் உடனிருக்க ஆய்வகத்தில் செய்யுங்கள். சமையலறையில் கூடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஃபெரிக் குளோரைடு தோலையும் கண்ணையும் உறுத்தும். துணியில் பட்டால் அந்தப் பழுப்புக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது.

சிறிய பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, பாத்திரம் துலக்கும் நாரினால் செம்பு பளபளக்கும் வரை தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் செம்பின் முகத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அரிப்பு சரியாக நடக்காது. இப்போது தண்ணீரில் அழியாத கறுப்பு மார்க்கர் பேனாவால் சுற்றின் கோடுகளை வரையுங்கள். பாகங்களின் கால் வரும் இடத்தில் சிறு வட்டம் இடுங்கள். அந்தக் காலத்து ரேடியோ ஆர்வலர்கள் நகப்பூச்சையும் எனாமல் பெயிண்டையும் மெல்லிய தூரிகையால் தொட்டு வரைந்தார்கள். லேசர் பிரிண்டர் இருந்தால் வேறு வழியும் உண்டு. அதன் மைத்தூள் உண்மையில் ஒரு பிளாஸ்டிக். வழவழப்பான தாளில் அச்சிட்டு, செம்பின்மேல் கவிழ்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பிளாஸ்டிக் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாளைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உரித்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாதாரணப் பலகையில் பாகங்கள் ஒரு முகத்தில் நிற்கும். செம்பு மறு முகத்தில் இருக்கும். நீங்கள் பாகங்களின் பக்கமிருந்து பார்த்து வரைந்த படம், செம்பின் பக்கம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக மாறியிருக்க வேண்டும். இதை மறந்தால் டிரான்சிஸ்டரின் கால்கள் தலைகீழாகிவிடும்.

பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு கரைசலை ஊற்றி, பலகையை அதில் இட்டு, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். உலோகத் தட்டு ஆகாது. அதையும் கரைசல் தின்றுவிடும். கரைசல் இளஞ்சூடாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும். கால் மணி முதல் அரை மணிக்குள் மை படாத செம்பு முழுவதும் மறைந்து பலகையின் நிறம் தெரியும். உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவி, மையைத் துடைத்துவிட்டால், அதோ, செம்புக் கோடுகள்!

அதிக நேரம் விட்டால் என்ன? கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை. மையின் அடியில் பக்கவாட்டிலும் நுழைகிறது. 35 மைக்ரான் ஆழம் அரிக்கும்போது ஒவ்வோர் ஓரத்திலும் ஏறக்குறைய அதே அளவு உள்ளே தின்றுவிடக்கூடும். ஒரு மி.மீ. கோட்டுக்கு இது பொருட்டல்ல. 0.1 மி.மீ. கோடாக இருந்தாலோ பெரும்பகுதி போய்விடும்! நுண்ணிய கோடு வேண்டும் தொழிற்சாலைகள் இன்னும் மெல்லிய செம்புத் தாளைத் தேடுவது இதனால்தான்.

ஒரு வேதியியல் விடுகதை

இரும்பு, செம்பை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின்மேல் செம்பு படிகிறது. வினைபடுதிறன் வரிசையில் இரும்பு மேலே, செம்பு கீழே. அப்படியானால் இரும்பின் உப்பான ஃபெரிக் குளோரைடு செம்பை எப்படிக் கரைக்கிறது? பாடம் தவறா?

தவறில்லை. ஃபெரிக் நிலையில் இரும்பு மூன்று எலெக்ட்ரான்களை இழந்து நிற்கிறது. ஒன்றைத் திரும்பப் பெற்று ஃபெரஸ் நிலைக்கு இறங்க அதற்கு ஆவல் அதிகம். அந்த ஓர் எலெக்ட்ரானைச் செம்பிடமிருந்து பறித்துக்கொள்கிறது. இரும்பு உலோகமாக மாறுவதில்லை. பாதி வழியோடு நின்றுவிடுகிறது. மின்னழுத்தக் கணக்கில் சொன்னால், ஃபெரிக்-ஃபெரஸ் மாற்றத்துக்கு +0.77 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட், ஃபெரஸ் நிலையிலிருந்து இரும்பு உலோகத்துக்கு −0.44 வோல்ட். செம்பு இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஃபெரிக் அயனி அதைக் கரைக்கும்; இரும்பு ஆணி அதை மீண்டும் வெளியே இழுக்கும்! ஒரே தனிமம் இரு வேடங்களில் நடிக்கிறது.

செம்பு இரண்டு எலெக்ட்ரான்களை இழப்பதால், ஒவ்வொரு செம்பு அணுவுக்கும் இரண்டு ஃபெரிக் அயனிகள் தேவை. 10 செ.மீ. சதுரப் பலகையில் உள்ள செம்பின் எடை ஏறக்குறைய 3 கிராம். அதில் முக்கால் பங்கு கரைந்தால், கரைசலுக்குள் சென்றது 2 கிராமுக்குச் சற்று மேல். அதற்குச் செலவாவது, நீரற்ற ஃபெரிக் குளோரைடாகக் கணக்கிட்டால், சுமார் 12 கிராம். ஆகவே ஒரு புட்டிக் கரைசல் பல பலகைகளுக்கு வரும். நிறம் பச்சை சார்ந்து, வேலை மந்தமாகும் வரை மூடி வைத்துத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

அதன்பின் அதை எங்கே ஊற்றுவது? எங்கும் ஊற்றக்கூடாது. இரும்பால் பெரிய தீங்கில்லை. குடிநீரைத் தெளியவைக்கும் நிலையங்களில் ஃபெரிக் குளோரைடையே பயன்படுத்துகிறார்கள். தீங்கு செய்வது கரைந்த செம்பு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்த போர்டோக் கலவையைத் தோட்டங்களில் பூஞ்சைக்கு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சையைக் கொல்லும் செம்பு, குளத்துப் பாசியையும் மீன் குஞ்சையும் விட்டுவைக்குமா? எனவே பயன்படுத்திய கரைசலில் இரும்பு நாரை இட்டுச் சில நாட்கள் விடுங்கள். எஞ்சிய ஃபெரிக் அயனிகள் முதலில் அடங்கும்; பின்னர் செம்பு சிவந்த தூளாக வெளிவரும். தெளிவைத் தனியே வடித்து, நுரை பொங்கி அடங்கும்படி சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மீதியும் வண்டலாக இறங்கும். செம்புத் தூள், வண்டல், தெளிந்த நீர் மூன்றையும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் புட்டிகளில் வைத்து ஆய்வகக் கழிவோடு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று அந்த நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

மூன்று வீடும் மூன்று கிணறும்

உங்கள் முதல் பலகைக்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இரண்டு எல்.இ.டி.க்களைச் சிமிட்டவைக்கும் சுற்று மிகப் பொருத்தமானது. அதன் படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லும். செம்பில் அப்படி வெட்டவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். என்ன செய்வது? மின்தேக்கி பலகையின் மறு முகத்தில் நிற்கிறது. அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே, செம்பு முகத்தில், இன்னொரு கோட்டை விட்டுவிடலாம். மின்தேக்கியே பாலமாகிறது!

எல்லாச் சுற்றுக்கும் இந்தத் தந்திரம் பலிக்காது. ஒரு பழைய புதிர் உண்டு. மூன்று வீடுகள், மூன்று கிணறுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பாதை வேண்டும். எந்தப் பாதையும் இன்னொன்றைக் குறுக்கே வெட்டக்கூடாது. முயன்று பாருங்கள். எட்டுப் பாதைகள் வரும்; ஒன்பதாவது வராது. உங்கள் திறமைக் குறைவு அல்ல. சமதளத்தில் அது முடியவே முடியாது என்று கணிதம் நிரூபித்திருக்கிறது. கைபேசியின் ஒரு சிப்பிலிருந்து நூற்றுக்கணக்கான இணைப்புகள் புறப்படுகின்றன. ஒரே தளத்தில் அவை எப்படி அடங்கும்?

ஒன்பதாவது பாதைக்கு ஒரு மேம்பாலம் கட்ட வேண்டும். அதாவது, பலகையின் இரு முகங்களிலும் செம்பு வேண்டும். ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு இறங்க, செம்பு பூசிய துளை வேண்டும். இரண்டு முகங்கள் போதாவிட்டால் நான்கு, ஆறு, பத்து என்று மெல்லிய அடுக்குகளைப் பிசினால் ஒட்டி அழுத்த வேண்டும். நம் மேசைத் தொழிற்சாலை இங்கேதான் நின்றுவிடுகிறது. கோடு அல்ல, துளையே வில்லன்.

துளைக்குள் செம்பு

துளையின் சுவர் கண்ணாடியும் பிசினும். அவை மின்சாரத்தைக் கடத்தா. மின்சாரம் பாயாத இடத்தில் மின்முலாம் படியுமா? படியாது. எனவே முதலில் மின்சாரமே இல்லாமல் செம்பைப் படியவைக்க வேண்டும். சுவரில் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் நுண்துகள்களை ஒட்டவைப்பார்கள். பிறகு செம்பு உப்பும் ஃபார்மால்டிஹைடும் கலந்த தொட்டியில் பலகையை இறக்குவார்கள். பல்லேடியம் தூண்ட, மிக மெல்லிய செம்புப் படலம் சுவரில் படரும். இனி அது கடத்தும். அதன்மேல் மின்முலாம் போட்டு 25 மைக்ரான் அளவுக்குத் தடிக்கவைப்பார்கள். எவ்வளவு நேரம் ஆகும்? ஃபாரடே விதி கையில் இருக்கிறது. 10 செ.மீ. சதுரப் பரப்புக்கு 2 ஆம்பியர் வீதம் செலுத்தினால், ஒரு மணி நேரத்தில் 2.4 கிராம் செம்பு, அதாவது 26 மைக்ரான் படியும். ஒரு மணி நேரம். அதற்கு மேல் அவசரப்படுத்தினால் துளையின் வாயில் செம்பு குவிந்து, நடுவில் மெலிந்துவிடும்.

துளையின் விட்டம் 0.3 மி.மீ., ஆழம் 1.6 மி.மீ. என்றால், அது ஒரு குறுகலான கிணறு. ஒரு காற்றுக் குமிழி உள்ளே ஒட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் செம்பு படியாது. படிந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. பாகங்களைச் சால்டர் செய்யும் அடுப்பில் பலகை 240 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. பிசின், தடிமன் திசையில் செம்பை விடப் பன்மடங்கு விரிகிறது. துளைக்குள் இருக்கும் செம்புக் குழாயை அது இரு பக்கமும் இழுக்கிறது. செம்பு இளகுதன்மை இல்லாமல் படிந்திருந்தால் நடுவில் விரிசல் விடும். வெளியே பார்த்தால் பலகை புத்தம் புதிதாக இருக்கும்!

இப்போது ஒரு கணக்கு. ஒரு பலகையில் 1000 துளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துளையும் நன்றாக அமைய 99.9 விழுக்காடு வாய்ப்பு. தேர்வில் இப்படி மதிப்பெண் வாங்கினால் ஊரே கொண்டாடும்! ஆனால் பலகை முழுவதும் நன்றாக இருக்க, ஆயிரம் துளைகளும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள். வருவது 0.37. நூறு பலகைகளில் 63 குப்பைக்குப் போகும். துளைக்கு 99.99 விழுக்காடு என்றால் நூற்றில் 90 தேறும். 99.999 என்றால் 99 தேறும். ஒவ்வொரு 9-க்கும் பல ஆண்டு உழைப்பு தேவை. சுத்தமான தண்ணீர், மாறாத வெப்பநிலை, ஒவ்வொரு மணியும் தொட்டிகளைச் சோதிக்கும் வேதியியலார், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் துளைக்கருவிகள் என்று எல்லாம் சேர்ந்தே அந்த 9-களை வாங்கித் தருகின்றன. எந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். இந்தப் பழக்கத்தை வாங்க முடியாது என்பது என் கருத்து.

நம் நாட்டில்

உலகில் உற்பத்தியாகும் பலகைகளில், மதிப்பின்படி, பாதிக்கும் மேல் சீனாவில் செய்யப்படுகிறது. நம் நாட்டிலும் இத்தொழில் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தில் மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டிலும், தமிழ்நாட்டில் ஒசூரிலும் பலகைத் தொழிற்சாலைகள் உண்டு. ஆயினும் நாம் கைபேசிகளைப் பெருமளவில் பூட்டிச் சேர்க்கத் தொடங்கிய பிறகும், வெறும் பலகைகளையும், அவற்றுக்கு அடிப்படையான செம்பு ஒட்டிய தகடுகளையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தோம். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை மின்னணு உறுப்புகளின் உற்பத்திக்கென 22,919 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் தவணையாக ஏற்கப்பட்ட 7 தொழில் திட்டங்களில் 5 தமிழ்நாட்டுக்கு வந்தவை. பல அடுக்குப் பலகைகளும், செம்பு ஒட்டிய தகடும் அவற்றுள் அடங்கும்.

மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் பிளாஸ்டிக் தட்டை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அரிக்க கால் மணி. கழுவ எவ்வளவு தண்ணீர்! தொழிற்சாலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் அடுத்தது ஒரு கழுவும் தொட்டி. அரிக்கும் தொட்டி, பல்லேடியத் தொட்டி, முலாம் தொட்டி என்று வரிசையாக வந்த பலகை, ஒவ்வொன்றிலும் செம்பையும் அமிலத்தையும் சிறிது சுமந்து கழுவு நீரில் விடுகிறது. அடர்ந்த கரைசலிலிருந்து செம்பை மீட்பது இலாபமும் தரும். இப்படி நீர்த்துப்போன பெருவெள்ளத்திலிருந்து மீட்பதுதான் செலவு. அந்தச் செலவை மிச்சம்பிடிக்க நினைத்தால் என்னவாகும் என்பதை நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளவர்கள் அறிவார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதனால் பல்லாயிரம் பேரின் பிழைப்பு நின்றது. சாயம் கண்ணுக்குத் தெரியும். கழுவு நீரில் உள்ள செம்பு கண்ணுக்குத் தெரியாது. சவ்வுகளின் வழியே வடிகட்டி அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைகள் உள்ளன. பலகைத் தொழிற்சாலை கட்டும்போதே அவற்றையும் கட்ட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இத்தொழிலில் செல்லாது.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த மெமரி அட்டை ஒன்று கிடைத்தால் குழல் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு முகங்களிலும் காணாத நிழல்கள் நடுவில் தெரிந்தால் அவை உள் அடுக்குகள். ஊசி முனையளவில் அங்கங்கே ஒளி கசியும் புள்ளிகள்தாம் நாம் பேசிய துளைகள். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். அட்டை முழுவதற்கும் பெருக்கிக்கொண்டு, நூற்றுக்கு 95 அட்டைகள் தேற வேண்டுமானால் ஒவ்வொரு துளையும் எத்தனை 9-கள் வாங்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.